பக்கத்து வீட்டுப் போர்வைகள்

அமெரிக்காவில், ஐசலினில் என் பக்கத்து வீட்டுக்காரர் கோயமுத்தூர்ப் பக்கம். ஆறடி உயரம். ஏப்ரலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டார். எந்தக் கம்பத்தைக் கண்டாலும் ஒரு தடவை அசைத்துப் பார்ப்பார். தெருமுனை ஸ்டாப் சைனைக்கூட விட்டதில்லை.

தொண்ணூற்றாறில் கொல்லையில் நானே வேலி போட்டேன். நம்மூர்ப் பந்தக்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிக் கம்பம் நட்டு, போட்டோ எடுத்து மாமனாருக்கு அனுப்பினேன். எனக்கு ஆணிகூட அடிக்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அவர். குளிர்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து, கம்பங்களை இஷ்டத்துக்கு மேலே தள்ளிவிட்டது. பனி உருகியதும் வேலி என் பல்வரிசை மாதிரி நின்றது. அந்த வாரம் பார்த்து மாமனார் வந்து இறங்கினார்.

"போட்டோவுல நேரா இருந்துச்சே மாப்பிள்ளை?"

நான் விழிப்பதற்குள் பக்கத்துக் கொல்லையிலிருந்து குரல் வந்தது.

"இங்க மண்ணு உறைஞ்சா எல்லா வீட்டு வேலியையும் தூக்கிப் போட்டுருமுங்க. உங்க மாப்பிள்ளை போட்டதுங்காட்டி விழாம நிக்குது."

மாமனார் என் தோளைத் தட்டிவிட்டு, மாமியாருக்கு போன் பண்ண உள்ளே ஓடினார்.

காலையில்கூட நூல் பிடித்தாற்போல் நேராகத் தெரிந்த பக்கத்து வீட்டு வேலியைத் திரும்பிப் பார்த்தேன். அதன்மேல் நீளத்துக்கும் போர்வைகள் உலர்ந்துகொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூட ஈரமில்லை.