ஐஸ்பெட்டிக்குள் வாள்வால்கள்

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்து ஏலக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் டீச்சர். வீட்டுக்காரர் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எலக்ட்ரீஷியன். அவருடைய தங்கை வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தபோது, தனக்கு அலுத்துப்போன ஒரு கேமராவை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதில்தான் எனக்குப் பட்டாம்பூச்சிப் பைத்தியம் பிடித்தது.

வாள்வால் என்ற பட்டாம்பூச்சியை முதலில் பார்த்தது ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில். வெள்ளை இறக்கையில் கறுப்புக் கோடுகள், பின்னால் கத்தி முனைபோல நீண்ட வால். தலைக்கு மேலே போயிற்று, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். கோடை மழை தொடங்கும் சமயத்தில் சில வாரங்கள் மட்டும் பறக்கும், எங்கள் பக்கத்தில் அபூர்வம் என்று போட்டிருந்தது. அடுத்த வருஷம் கண்ணில் படவே இல்லை. அதற்கடுத்த வருஷம் ஒருமுறை பார்த்தேன். கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்குள் மரத்துக்கு மேலே போய்விட்டது.

நான்காவது வருஷம், ஒரு சனிக்கிழமை. முந்தின நாள்தான் முதல் மழை பெய்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு மேலே ஒரு ஓடை இருக்கிறது. அதன் கரை மணலில் நீலப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. மண்ணில் இருக்கும் உப்புக்காக அப்படி வரும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், தனியாக, அது.

நான் அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன். முழங்கையால் நகர்ந்து நகர்ந்து போனேன். சுடிதாரெல்லாம் சேறு. அது குடித்துக்கொண்டே பின்பக்கமாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைப் பீய்ச்சியது; வால் மட்டும் லேசாக நடுங்கியது. வெள்ளை என்று நான் நினைத்தது வெறும் வெள்ளை இல்லை. ஓரத்தில் பச்சை ஓடியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன்.

"டீச்சர்! பாம்பு கீம்பு கடிச்சிருச்சா? இப்படி விழுந்து கெடக்கீங்க?"

மைனியின் குரல். என் பெரியப்பா மகனுக்கு வாக்கப்பட்டவள். உறவுக்கு நான் மைனி என்பேன். அவள் எல்லோரையும்போல என்னை டீச்சர் என்றே கூப்பிடுவாள். காட்டில் களை வெட்டப் போகிறவள், இடுப்பில் சுற்றிய படுதாவும் கையில் அரிவாளுமாக நின்றாள்.

"சத்தம் போடாத மைனி. அங்க பாரு."

பார்த்தாள். "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இதுக்கா மூணு வருசமா அலைஞ்சீங்க?"

அன்று சாயங்காலமே படத்தைப் பட்டாம்பூச்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கை தட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. பிறகு ஒருவர் போன் செய்தார். சமவெளி நகரம் ஒன்றில் இருப்பவர், குழுவில் எல்லோரும் மதிக்கும் ஆள். அவர் சரி என்றால்தான் ஒரு பூச்சிக்கு அந்தப் பேர் என்று ஒத்துக்கொள்வார்கள்.

"மேடம், என்ன படம் மேடம் அது! இடம் மட்டும் சொல்லுங்க. ரெக்கார்டுக்கு வேணும். ஆராய்ச்சிக்கு உதவும்."

கொஞ்சம் தயங்கினேன். அவர் மறுபடியும் 'மேடம்' என்றார். ஆராய்ச்சிக்காக மட்டும் நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ஆள் என் படத்தைப் புகழ்ந்துவிட்டார் என்ற குளிர்ச்சியில் சொன்னேன். ரோட்டில் இரண்டாவது கலுங்குப் பாலம், அதை ஒட்டி ஏறும் ஒற்றையடிப் பாதை, ஓடை, மணல் என்று வரைபடம்கூட வரைந்து அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை போனபோது கலுங்குப் பக்கத்தில் இரண்டு ஜீப் நின்றது. மைனியும் அன்று அந்தப் பக்கம்தான் வேலை என்று கூடவே வந்தாள். ஓடையை நெருங்கும்போதே நாற்றம் அடித்தது. மணல் முழுக்க பூட்ஸ் தடம். நடுவில் அழுகின மீனைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். ஒருவன் எங்கள் கண் முன்னாலேயே அந்த மணலில் மூத்திரம் பெய்துவிட்டு, ஜிப்பை இழுத்துக்கொண்டு திரும்பினான். பூச்சியை இழுக்க அது ஒரு வழியாம்.

ஐந்து பேர். ஒரு உண்ணிச்செடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பூவின் மேல் என் வாள்வால். இறக்கையை விரித்தபடி அசையாமல் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அது உட்காரவில்லை, வைக்கப்பட்டிருந்தது. கால்கள் பூவைப் பிடிக்கவே இல்லை.

"இதுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

போனில் கேட்ட அதே குரல், சிரித்துக்கொண்டே எழுந்து வந்தது. "வாங்க மேடம்! உங்களாலதான் இதெல்லாம். ஒண்ணும் ஆகலை. கொஞ்ச நேரம் குளிர்ல வச்சா அசையாம இருக்கும். வெளிச்சம் பட்டா தானா பறந்துரும். எல்லாரும் செய்யறதுதான்."

"எல்லாரும்னா யாரு?"

"நல்ல படம் எடுக்கறவங்க எல்லாரும்."

அவர் காலடியில் நீல ஐஸ்பெட்டி இருந்தது. கேட்டுக்கொண்டெல்லாம் நான் திறக்கவில்லை. மூடியைத் தூக்கினேன். சோடா பாட்டில்கள், ரொட்டிப் பொட்டலம், அவற்றுக்கு நடுவில் முக்கோணமாக மடித்த காகிதங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் இறக்கை ஒட்டிய ஒரு வாள்வால். ஏழு. நான் நான்கு வருஷத்தில் மொத்தமாகப் பார்த்ததே மூன்று. முதலில் பெட்டியையும் காகிதங்களையும் கேமராவில் எடுத்துக்கொண்டேன். பிறகு பூச்சிகளை வெயில் பட்ட ஒரு பாறையில் வைத்தேன்.

"மேடம், அடுத்தவங்க பொருள்ல கை வைக்கறீங்க" என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது. "டீச்சர்னு சொன்னாங்க. இதுதான் உங்க பண்பா?"

"இது உங்க பொருளா? யாரு குடுத்தா?" என்று கத்தினேன். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. அழுகை வந்துவிடும்போல இருந்தது, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அதுவரை மைனி ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது முன்னால் வந்தாள்.

"அண்ணே, இந்தத் தண்ணி எங்க போகுது தெரியுமா?"

மைனி அரிவாளால் கீழே சரிவைக் காட்டினாள்.

"கீழ தொட்டிக்குப் போகுது. அங்கருந்து லயத்துக்கு. எம் பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. அதுலதான் மீனக் கொட்டி, மூத்திரம் பெஞ்சு வச்சிருக்கீங்க."

அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன். ஆனால் பூச்சியைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

மைனி காட்டுப் பக்கம் திரும்பி ஒரு கூப்பாடு போட்டாள். களை வெட்டிக்கொண்டிருந்த ஆறு பேர் அரிவாளோடு இறங்கி வந்தார்கள். அவர்கள் யாரையும் தொடவில்லை, திட்டவும் இல்லை. பாதையை மறித்து நின்றார்கள், அவ்வளவுதான். "அள்ளிட்டுப் போங்க" என்றாள் மைனி. ஐந்து பேரும் குனிந்து மீனை அள்ளினார்கள். நனைந்த மணலையும் தோண்டி எடுக்க வைத்தாள். எதில் கொண்டுபோவது என்று ஒருவன் முனகினான். அவள் ஐஸ்பெட்டியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

ஜீப்கள் போன பிறகு பாறையைப் பார்த்தேன். ஐந்து பூச்சிகள் இறக்கையைச் சூடேற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. இரண்டு எழவில்லை. பூவின் மேல் வைத்திருந்ததும் கீழே விழுந்து கிடந்தது.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். எஸ்டேட் ஆபீசிலிருந்து பேசியிருக்கிறார்கள், டூரிஸ்டுகளை அரிவாளோடு மிரட்டியதாகப் புகார். "வெளியாளுங்ககிட்ட நமக்கு எதுக்கு டீச்சர் வம்பு?" என்றார். தண்ணீரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மைனியும் ஃபாரஸ்ட் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் என் படங்களைப் பார்த்தார். "டீச்சரே, அது எஸ்டேட் பூமியல்லே? நோக்காம்" என்றார், பார்க்கலாம் என்று மலையாளத்தில். மனுவை வாங்கி வைத்தார். இன்றுவரை நோக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வாரமே அந்தச் சமவெளிக்காரர் எடுத்த படம் குழுவில் வந்தது. உண்ணிப்பூ, விரிந்த இறக்கை, பின்னால் மங்கலான பச்சை. 'மூன்று நாள் பொறுமையாகக் காத்திருந்ததற்குக் கிடைத்த பரிசு' என்று எழுதியிருந்தார். நூறு பேர் கும்பிட்டிருந்தார்கள். நான் ஐஸ்பெட்டியின் படத்தைப் போட்டேன். 'பொறுமை இதற்குள் இருந்தது' என்று ஒரு வரி எழுதினேன். கால் மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருவர்கூட அப்புறம் போன் செய்யவில்லை. எனக்கு அவர்கள் மேல்தான் அதிகக் கோபம்.

இந்த வருஷத் தவக்காலத்தில் எல்லாச் சனிக்கிழமையும் ஓடைக்குப் போனேன். கடைசிக்கு முந்தின வாரம் ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. எடுத்தேன், நன்றாகவே வந்திருக்கிறது. மைனிக்கு மட்டும் காட்டினேன்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். ஒரு வருஷமாக ஒருவர் மேல் கோபமாக இருக்கிறேன் என்றேன்.

"மன்னிச்சிட்டியாம்மா?" என்று ஃபாதர் கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

"முயற்சி பண்றியா?"

பொய் சொல்ல அது இடமில்லை.

"இல்ல ஃபாதர். நான் சொல்ல வந்த பாவம் வேற. எடத்தச் சொன்னது நான்தான்."