கதவோரப் பெஞ்சு

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கத் துணைக்குப் போனவள், நானே சேர்ந்துவிட்டு வந்தேன். சிவகாசியில் ஒரு மகளிர் கல்லூரி அது. அட்மிஷன் வரிசையில் நின்றபோது, வரலாற்றுப் பிரிவில் சேர ஆளே இல்லை என்று அலுவலகத்தில் இருந்தவர் சலித்துக்கொண்டார். "நாப்பது தாண்டுனவுகளச் சேத்துக்கிடுவீகளா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பிளஸ் டூ பாஸா?" என்றார்.

பாஸ்தான். அதற்குமேல் பி.காமும் சேர்ந்தேன். முதல் வருஷம் முடிவதற்குள் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால், அப்படியே பட்டாசுக் கம்பெனிக்குச் சரம் பின்னப் போய்விட்டேன். மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுக்கும் வரை அந்த வேலைதான். மறுநாள் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நான் துணைக்குக் கூட்டிப்போன பெண்ணோ கடைசி நேரத்தில் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். விஷயத்தைச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை இலையிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேன்."

"படிச்சு என்ன வேலைக்குப் போகப்போறே?"

அதை நான் யோசிக்கவே இல்லை. "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அன்றிலிருந்து என்னைப் பார்க்கிற எல்லோருக்கும் அது ஒன்றுதான் கேள்வி. நானும் ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவைத்தேன். மகளிடம் டீச்சர் என்றேன். தெருவில், சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் வேலை என்றேன். சம்பந்தியம்மா கேட்டபோது என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துவிட்டது, அவர் மட்டும் "வக்கீலம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சரி, ஆத்தாளிடமே ஒரு வழி கேட்போம் என்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் செருப்பு காணாமல் போனதில், தேடுகிற மும்முரத்தில், வந்த விஷயத்தைக் கேட்காமலே திரும்பினேன்.

இதற்கிடையே கம்பெனி போர்மேன் ஆள் விட்டு அழைத்தார். "சரம் பின்னுற பொம்பளையாளுகளப் பாத்துக்கிட அனுபவப்பட்ட ஆளு வேணும். தீவாளி கழிச்சு பூசை போட்டுக் கம்பெனி தெறக்கையில வந்துருங்க. அதுவரைக்கும் ஒங்க எடத்த வச்சிருக்கேன்" என்றார். நல்ல வேலை. குனிந்தே இருக்க வேண்டாம், பேரும் மரியாதையும் உண்டு. வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தீவாளி வரைக்கும் காலேசுக்குப் போ. அதுக்குள்ள எந்த வேலைக்குன்னு சொல்லு. நான் குறுக்க நிக்கல. சொல்லத் தெரியலேன்னா பூசைக்கு வந்துரு." அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. சண்டை போடலாம் என்று வாயைத் திறந்த எனக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

முதல் நாள் வகுப்புக்குப் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். கம்பெனியில் ஒவ்வொரு ஷெட்டு வாசலிலும் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய கை, என்னைக் கேட்டா வைக்கும்? பின்னாலேயே வந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "யக்கா, எங்கம்மாவும் ரேசன் கடையில கூட இப்படித்தான்" என்றாள். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை.

உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே நின்று கதவுகளைத்தான் எண்ணினேன். எங்கள் ஷெட்டில் நாலு பேருக்குமேல் உட்காரக்கூடாது. எதிரெதிரே கதவு இருக்கும், அதுவும் வெளிப்பக்கம் திறக்கும். இங்கே அறை நிறையப் பெண்கள், ஒரே ஒரு கதவு. இத்தனை பேரும் எப்படி வெளியேறுவார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன். ஒருமுறை பக்கத்து ஷெட்டு வெடித்தபோது, நான் கதவோரம் இருந்ததால்தான் பிழைத்தேன். உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் என் கூட்டாளி. அவளைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலும் சரி, பஸ்ஸிலும் சரி, எனக்குக் கதவோரம்தான் வேண்டும். வகுப்பிலும் கதவோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பேராசிரியை வந்தார். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அவர் பேச ஆரம்பித்த நேரத்தில் பின்னால் யாரோ இடம் பற்றாமல் பெஞ்சைத் தரையோடு பறட்டென்று இழுத்தார்கள்.

"இழுக்காதீகடி! தூக்கி வைங்க!"

கத்தியது நான்தான். கத்தி முடித்தபோது நான் வகுப்பில் இல்லை, வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் எதையும் இழுக்கக்கூடாது. தட்டாக இருந்தாலும் பெட்டியாக இருந்தாலும் தூக்கித்தான் வைக்க வேண்டும். உரசினால் போச்சு. அங்கே இழுக்கிற சத்தம் கேட்டால் காரணம் கேட்க மாட்டோம், ஓடிவிடுவோம்.

பாதி வகுப்பு குபீரென்று சிரித்தது. வீட்டுக்கு ஓர் ஆளாவது பட்டாசுக்குப் போகிற பிள்ளைகள் அவர்கள். அச்சகக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் என்ன ஏது என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை கையில் சாக்பீஸோடு வராந்தாவுக்கே வந்துவிட்டார். "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம், பழக்கம்" என்று சொல்லிவிட்டு, கூச்சத்தோடு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அதன்பிறகு எங்கள் வகுப்பில் யாரும் பெஞ்சை இழுப்பதில்லை. இரண்டு பேராக, "அக்கா, தூக்குறோம்!" என்று எனக்கு அறிவித்துவிட்டுத்தான் நகர்த்துவார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. மாடி வகுப்புக்காரிகளை யார் என்ன செய்ய முடியும்? அவர்கள் நாள் முழுக்க எங்கள் தலைக்குமேல் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

படிப்பு வந்ததா என்றால், வந்தது. முதலில் தூக்கம்தான் வந்தது, பிறகு படிப்பு. வெம்பக்கோட்டையில் மேட்டைத் தோண்டிச் சங்கு வளையல் எடுத்திருக்கிறார்கள் என்று பாடத்தில் சொன்ன அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனி வேனில் தினமும் அரைத் தூக்கத்தில் தாண்டிப் போன மேடு அது. நம்மை மாதிரி யாரோ ஒருத்தி அங்கே உட்கார்ந்து நாள் முழுக்க வளையல் அறுத்திருக்கிறாள், அவளை யாராவது வேலையைப் பாரு என்று அதட்டியிருப்பார்கள். இதை வீட்டில் சொன்னேன். "சரி, அப்ப தோண்டுற வேலைக்குப் போகப்போறியா?" என்றார் வீட்டுக்காரர். ஒரு வாரம் அப்படியும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு இருக்கிற முட்டி வலிக்கு அது சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

தீபாவளியும் வந்து போனது. என்னிடம் பதில் இல்லை. போட்டித் தேர்வுப் புத்தகத்தைப் புரட்டினால் கொட்டாவி வந்தது, டீச்சர் வேலைக்கு என் வாய் ஆகாது. படிக்கப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வயதுக்காரி அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பயமாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். எனக்குப் பெற்றோர் இருவரும் இல்லை. "பாதுகாவலர் யாராவது வரட்டும்" என்றார் பேராசிரியை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நானே வாரேன். அப்படியே டி.சி.யும் கேட்டு வாங்கிருவோம். அடுத்த வாரம் பூசை" என்றார் வீட்டுக்காரர். நான் சரி என்றேன். சொன்ன சொல் சொல்தானே. ஆனால் அன்றைக்குச் சேலை கட்டும்போது கை ஓடவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்தார். கதவோரப் பெஞ்சில், ஒரு கால் வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்தார். மற்ற பெற்றோர்களும் முன் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்கு நடுவில் நான் இருந்தேன். ஆளாளுக்கு என்னிடம் "அக்கா, ஒங்க அப்பா எங்க?" என்று கேட்டுக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

கையெழுத்து வாங்க வசதியாக இருக்கட்டும் என்று, கல்லூரி ஊழியர் ஒருவர் மேசையைப் பிடித்து இழுத்தார். கல் தரையில் அது போட்ட சத்தம் இருக்கிறதே!

முன் பெஞ்சுகளில் பாதிக்குமேல் காலி. வேட்டிகளும் சேலைகளும் ஒரே நொடியில் வராந்தாவில். பெற்றோர்களில் மிச்சம் இருந்தவர்கள் அச்சகக்காரர்களும் கடைக்காரர்களும் மட்டும்தான். வெளியே போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அசடு வழிந்தார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தேன். சிரித்து நிமிர்ந்தபோது, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று பேராசிரியை கேட்டார். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நல்லாப் படிக்காளா மேடம்?"

"ரொம்ப நல்லா."

"அது போதும்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். டி.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார். "நீ ஏன் எந்திரிக்கலே?"

"எதுக்கு?"

"மேசைய இழுத்தாகள்ல. காதுல விழலையா?"

"விழுந்துச்சு. மேசையத்தான இழுத்தாக?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் எழுந்திருக்கவில்லை. கதவு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அம்புட்டுப் பேருக்கு நடுவுல உக்காந்திருக்கியே. எப்பருந்து?"

கதவோரப் பெஞ்சை எந்த நாளில் விட்டேன்? ஃபேன் காற்றுக்காக ஒருநாள் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பேன். நோட்டு பார்த்து எழுத இன்னொரு நாள். அந்த ஷெட்டு வெடித்ததிலிருந்து என் உடம்பு ஓடத் தயாராகவேதான் இருந்தது, அது ஓய்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. பஸ் ஸ்டாப்பிலேயே அழுதுவிட்டேன். அது சந்தோஷம்தான்.

"என்ன வேலைக்குன்னு இன்னமும் தெரியலைங்க" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அது கெடக்கட்டும். பஸ்சு வருது, ஏறு" என்றார்.

பூசைக்கு அவர் மட்டும் போய் வந்தார். போர்மேன் கேட்டாரா என்றேன். கேட்டாராம்.

"என்ன சொன்னீக?"

"அவ இப்ப ரூமுக்கு நடுவுல உக்காந்துட்டா, இனி வரமாட்டான்னு சொன்னேன்" என்றபடி பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கல."