கல்வத்தில் வைத்த பொட்டு

பேராசிரியை தங்கபுஷ்பம் இறந்த செய்தி வந்தபோது என் பேத்தி மகேஸ்வரி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். அது வெந்ததும் தட்டில் எடுத்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, "ஆச்சி, மேடம் போயிட்டாவ" என்றாள்.

என் வாயில் முதலில் வந்தது, "கையெழுத்துப் போட்டுட்டாவளா?" என்பதுதான்.

"இல்ல."

இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு வராது. மேடத்திடம் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கொண்டுவரும் நினைவு மலருக்கு எங்கள் வீட்டிலிருந்தும் எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். மகேசு முடியாது என்று சொல்லிவிட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். அஞ்சாவது வரைதான் படித்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சேதியைத் திருத்த வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மகேசு தன் வயசையெல்லாம் போட்டு எழுதி முடித்த ஆய்வேட்டில், வழிகாட்டி என்ற இடத்தில் மேடத்தின் கையெழுத்து விழ வேண்டும். அது விழுந்தால்தான் டாக்டர் பட்டம். நோயில் கட்டிலோடு படுத்த பிறகும் நினைவோடுதான் இருந்தார், கையும் நன்றாகத்தான் இருந்தது. போடாமலே போய்விட்டார்.

மகேசுவை மேடத்திடம் சேர்த்துவிட இடைசெவலிலிருந்து பஸ் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனது நான்தான். அவள் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்கள், சின்ன வயசிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். மேடம் கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எம் பேத்தி ஒண்ணாப்புல இருந்தே மொத மார்க்கு" என்றேன்.

"இங்கன வாரவ எல்லாம் மொத மார்க்குதான். பாதிப்பேரு கண்ணக் கசக்கிட்டு ஓடிப்போயிட்டாளுவ. ஒங்க பேத்தி எம்புட்டு நாள் தாங்குதான்னு பாப்போம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் பிள்ளையை என்ன செய்ய வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கேட்டேன். காந்தம் செய்யப்போகிறாள் என்றார். "காந்தம்தான் இரும்புக்கடையில கெடக்கே" என்றேன். அப்போது சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கம்பியில கரண்டு ஓடுதுல்லா, அதுல ஓடுதது எலக்ட்ரான். அது ஓடுததோட நிக்கல. பம்பரம் மாதிரி தனக்குள்ள ஒரு சுத்தும் வச்சிருக்கு. பம்பரம்னு சொன்னா முழுசும் சரியில்ல, ஒங்களுக்காகச் சொல்லுதேன். இப்ப இருக்க கம்ப்யூட்டரெல்லாம் ஓட்டத்த மட்டுந்தான் வேல வாங்குது. அந்தச் சுத்தையும் வேல வாங்குனா சூடு கொறையும், கரண்டு போனாலும் அதுல உள்ளது அழியாது. அதுக்குக் காந்தமாவும் இருக்கணும், கரண்ட நாம சொன்னபடி விட்டுப் பிடிக்கவும் செய்யணும். அப்பிடி ஒரு சாமான் வேணும்."

"அது எங்கயும் இல்லியா?"

"இருக்கு. நல்லாக் குளுர வச்சாத்தான் காந்தமா இருக்கு. நம்ம ஊர்க் காத்து பட்டா செத்துப்போவுது. சித்திரையில கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல வச்சாலும் காந்தமா இருந்தாத்தான் நான் நம்புவேன்."

இந்தப் பேச்சை உங்களிடமும் சொல்லியிருப்பார்.

மகேசு ஓடிப்போகவில்லை. துத்தநாக ஆக்சைடு மாவில் கொஞ்சம் மாங்கனீசு சேர்த்துக் கல்வத்தில் அரைக்க வேண்டும். மருந்து அரைக்கிற கல்வம் மாதிரித்தான், மழமழவென்று கெட்டிக் கல்லில் செய்தது. அரைத்து, வில்லையாக அமுக்கி, காற்றுப் புகாத உலையில் சுட வேண்டும். சுட்ட வில்லையைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய் அங்கே உள்ள எந்திரத்தில் காந்தம் உண்டா என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே வந்தது. பிள்ளை துரும்பாக இளைத்துப்போனாள். மேடம் அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்: "நீ எளைக்கதுனால மாங்கனீசு எரக்கப்படாது."

பிறகு ஒரு தடவை இருக்கு என்று வந்தது. குளிர வைக்காமலே காந்தம். மறுபடி செய்தாள், அதற்கும் இருக்கு என்று வந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் கடலைமிட்டாய் கொடுத்தேன். எட்டயபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன். வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது, மகேசு பெயர் முதலில், மேடம் பெயர் அடுத்து. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, பட்டம் முடிந்ததும் வா என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் வாழ்த்தினார்கள். மேடம் மட்டும் வாழ்த்தவில்லை. எல்லா வில்லையும் ஒரே அளவு காந்தமாக இல்லாமல் ஒன்றில் கூடியும் ஒன்றில் குறைந்தும் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அரைத்த தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு முன்னால் அரைத்தது எதிலும் காந்தம் இல்லை. பின்னால் அரைத்ததில்தான் வந்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு உங்கள் ஆய்வகத்தில் உலைக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பீர்கள்தானே. எங்கள் வீட்டில் அரிவாளுக்கும் அம்மிக்கும் வைப்போம். மகேசு தன் கல்வத்தின் விளிம்பில் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். மறுநாள் கழுவியும் இருக்கிறாள். விளிம்புக்கு அடியில் ஒரு கீறல், அதில் குங்குமம் தங்கி, அரைக்கிற மாவில் கலந்துவிட்டது.

மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். துறையில் உள்ள அத்தனை பேரையும் வரச்சொன்னார். நடுவில் இவளைக் கல்வத்தோடு நிறுத்தினார். "ஏட்டி, அந்தக் கீறல்ல நகத்த வச்சுச் சொரண்டு" என்றார். சுரண்டினாள். "எல்லாருக்கும் வெரலக் காட்டு." காட்டினாள். "ஒலகத்துல எவனும் கண்டுபிடிக்காதத இவ கண்டுபிடிச்சுட்டா. கோயில் வாசல்ல பொட்டலம் போட்டு விக்கான்." அவள் செய்து வைத்திருந்த வில்லைகளை அவள் கையாலேயே குப்பைத்தொட்டியில் போடச் சொல்லியிருக்கிறார். இந்த மலரைப் படிக்கிறவர்களில் சிலர் அன்று அங்கே நின்றவர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலையில் நான் போனேன். சண்டைக்குத்தான் போனேன்.

"பூச அன்னைக்கு நீங்களும்தான நின்னீங்க? பொரி வாங்கித் தின்னீங்கள்லா?"

"தின்னேன். பொரி தின்னது நான். கல்வத்துல பொட்டு வச்சது ஒங்க பேத்தி."

"சாமி காரியத்தக் குத்தம் சொல்லுதீங்க. வெளங்குவீங்களா?"

"சாமிய நான் ஒண்ணும் சொல்லல. குங்குமத்துல செவப்புக்கு என்னத்தப் போட்டுருக்கான்னு சொல்லுதேன். இருந்து பாத்துட்டுப் போங்க."

பூசைக்கு வாங்கிய பொட்டலத்தில் மீதி இருந்த குங்குமத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி உலைக்குள் வைத்தார். அது சூடேறி ஆறுகிறவரை நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். எடுத்தபோது கன்னங்கரேல் என்று இருந்தது. தாளில் தட்டி, அடியில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்தினார். கருப்புப் பொடி பேன் மாதிரி ஊர்ந்தது. செம்மண்ணிலும் துருவிலும் உள்ளதுதான் மலிவான குங்குமத்தில் சிவப்புக்குச் சேர்க்கிறதாம். காற்றில்லாமல் சுட்டால் அது காந்தமாகிவிடுமாம். என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

எழுந்து வாசல்வரை வந்தவள், "பிள்ள ராத்திரி சாப்பிடல" என்று மட்டும் சொன்னேன்.

"நானும் சாப்பிடல. நாளைக்கு ஒம்போது மணிக்கு வரச் சொல்லுங்க. புதுக் கல்வம் வாங்கி வச்சிருக்கேன்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று பத்திரிகைக்கு எழுதினார்கள். மாணவி கல்வத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று மேடம் அதில் எழுதினார். வழிகாட்டி அதைச் சோதிக்கவும் இல்லை என்று அடுத்த வரியில் தன்னையும் சேர்த்திருந்ததாக மகேசு சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஜெர்மனியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரியில் அவளுக்குக் 'குங்குமக் காந்தம்' என்று பெயர் விழுந்தது. அதை ஒருவன் மேடத்தின் காதுபடச் சொல்லிச் சிரித்திருக்கிறான். "சிரிக்கவன் மொதல்ல ஒன் கல்வத்தக் கழுவிட்டு வந்து சிரிலே" என்றாராம். அவளுக்காகச் சொன்னாரா, கல்வத்துக்காகச் சொன்னாரா, எனக்கு இன்னும் தெரியாது.

முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் மேடம் தானும் ஒரு தடவை செய்து பார்த்தார். முடிவில் கிடைத்தது, காந்தம் இல்லை. அவள் ஆய்வேடு முழுக்க அதுதான்: சுத்தமாகச் செய்தால் இந்தப் பொருள் கோவில்பட்டி வெயிலில் காந்தமாக இருக்காது. "இல்லன்னு சொல்லதுக்கா இம்புட்டு வருசம்?" என்று ஒரு தடவை மேடத்திடமே கேட்டேன். "இருக்குன்னு சொல்ல ஒரு தடவ பாத்தாப் போதும் ஆச்சி. இல்லன்னு சொல்லணும்னா எல்லாத்தையும் பாத்திருக்கணும்" என்றார்.

அதற்குள் அவருக்கு நோய் முற்றிவிட்டது. ஆய்வேட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோனோம். ஆளே பாதியாகியிருந்தார். படுத்தபடியே தாள் தாளாகப் பார்த்தார். ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார். குளிர வைத்து அளந்த புள்ளிகளில் ஒன்று கோட்டை விட்டு வெளியே நின்றது.

"இது ஏன்?"

"எந்திரத்துல ஏதோ கோளாறுன்னு நெனைக்கேன் மேடம். மத்ததெல்லாம் கோட்டுல இருக்கு."

"நெனைக்கியா, பாத்தியா?"

இடையில் நான் பேசினேன். வயசில் மூத்தவள், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "தாயி, ஒரே ஒரு கையெழுத்து. நீங்க இருக்கும்போதே போட்டுருங்க."

"அந்தப் புள்ளி ஏன் அங்கன நிக்கின்னு தெரியாம நான் போடமாட்டேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் எங்களிடம் கடைசியாகப் பேசியது. போய்வா என்றுகூடச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, அவர் இடத்துக்கு வந்த சார் மகேசுவைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனுசன். நானும் கூடப் போயிருந்தேன். "ஒரு புள்ளிதானம்மா. அந்தப் படத்த எடுத்துரு, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஒனக்கும் வயசு போவுதுல்லா" என்றார். நான் கைகூப்பிவிட்டேன்.

"எடுக்க மாட்டேன் சார். மறுபடி அளக்கணும்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து, நாலு பேர் பார்க்க, அவளைத் திட்டினேன். "ஏட்டி, கூறுகெட்டவளே. ஒன்ன வதைச்சவளே போய்ச் சேந்துட்டா. இனும யாருக்குப் பயந்து அளக்க?"

"தப்பா இருந்தா, அவிய செத்துட்டாவன்னு அது சரியாயிருமா ஆச்சி?" அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "வாய மூடிட்டுப் பஸ்ஸுல ஏறுங்க."

எந்திரத்தில் முறை கிடைக்க இன்னும் மாசக்கணக்கில் ஆகும் என்கிறாள். அளந்த பிறகும் அந்தப் புள்ளி வெளியே நின்றால், அது ஏன் என்று தேட வேண்டுமாம். அதற்கு எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை. அந்த சார் அதுவரை இதே மனசோடு இருப்பாரா என்பதும் தெரியாது.

உங்கள் மேடத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும், ஆனால் அது பொய். அவர் எங்களுக்கு ஒரு நல்ல சொல் வைத்துவிட்டுப் போகவில்லை, ஒரு கையெழுத்தும் வைத்துவிட்டுப் போகவில்லை. அவரால் எனக்கு மிஞ்சியது, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத ஒரு பேத்தி. அப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, மேடத்தோடு ஒரே அறையில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.