பிதுக்குப் பருப்பும் பி செக்‌ஷன் மேமும்

எங்கள் பள்ளியில் ஒரு விதி உண்டு. ஆசிரியரின் பிள்ளை அதே ஆசிரியரின் வகுப்பில் உட்காரக்கூடாது. நியாயமான விதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்வரை. நான் ஏ செக்‌ஷனுக்கு மார்க்கெட்டிங் எடுக்கிறேன். மகள் கணக்கை விட்டுவிட்டு என் பாடத்தையே எடுத்தாள் என்றதும் எங்கள் பேட்டையான ரிச்சர்ட்ஸ் டவுனில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன். பள்ளியில் அவளைத் தூக்கி பி செக்‌ஷனில் போட்டார்கள். அந்த செக்‌ஷனுக்கு மார்க்கெட்டிங் எடுக்க, விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அந்த ஜூனில்தான் ஒருத்தி வந்து சேர்ந்திருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள், அதனால் ஒருமையில் எழுதுகிறேன். மூத்தவளாக இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ போடுவாள். கரும்பலகைப் பக்கமே போகமாட்டாள், சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாதாம். பிள்ளைகளை 'டீம்' என்று கூப்பிடுவாள். ஏதோ ஒரு விளம்பரத்தைப் போட்டுக் காட்டி மொத்த வகுப்பையும் அழவைத்துவிட்டாள் என்று மகள் வந்து சிலாகித்தாள். என் வகுப்பிலும் பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள், விடைத்தாள் திருப்பிக் கொடுத்த அன்று.

பள்ளியில் மகள் என்னையும் 'மேம்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மேம் என்றால் அது அந்த பி செக்‌ஷன்காரிதான். "மேம் சொன்னாங்க, விலையைக் குறைச்சா பொருளோட மதிப்பும் குறைஞ்சிடுமாம்" என்பாள் மகள். இதையே நான் போன மாதம் சொன்னபோது, "சாப்பிடும்போது க்ளாஸ் எடுக்காதம்மா" என்றவள். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். விற்பதைப் பாடமாகவே நடத்துகிற என் வீட்டிலும் அதுதான் நிலைமை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் பாடத்தில் ஒரே ஒரு சந்தேகத்தை மகள் என்னிடம் கேட்க வேண்டும். "இதுக்கு நீ என்னம்மா சொல்றே?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை கேட்கவில்லை.

ஜனவரியில் பள்ளிச் சந்தை நடக்கும். ஒவ்வொரு டீமும் ஒரு பொருளைத் தயாரித்து விற்று, பிறகு விற்ற விதத்தை வெளியிலிருந்து வரும் நடுவருக்கு மேடையில் விளக்க வேண்டும். அவரைக்காய்ப் பருவம். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பென்றால் இந்த ஊருக்கு உயிர். பிதுக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. மகளின் டீம் அதையே பாக்கெட் போட்டு விற்க முடிவு செய்தது. நல்ல யோசனை. நல்ல யோசனையாக இருந்ததால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ம்மா, ஆனேக்கல்லேர்ந்து ஒரு மூட்டை அவரைக்காய் வருது" என்றாள் மகள் வெள்ளிக்கிழமை. "டீம்ல பாதிப் பேரு ஊருக்குப் போறாங்க. பரவால்ல, மேம் அவங்க வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிட்டாங்க. அவங்களே உட்கார்ந்து பிதுக்கித் தர்றாங்களாம்."

"அவளுக்கு அவரைக்காயைப் பத்தி என்ன தெரியும்? சொகடு இருக்கறது எது, இல்லாதது எதுன்னு மோந்து பார்க்கத் தெரியுமா? மூட்டையை இங்கே கொண்டா!"

சொகடு என்பது நல்ல அவரையின் மேல் பிசுபிசுக்கும் எண்ணெய் வாசனை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வாசனையில்தான் இருந்தேன். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து உரித்தேன், ஊறவைத்தேன், பிதுக்கினேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போனது. "மார்க் உனக்கா அவளுக்கா?" என்று கேட்ட கணவருக்கும் ஒரு பாத்திரத்தைத் தள்ளிவிட்டேன். மேம் வீட்டு ஃபிரிட்ஜ் பெரிசு என்று மகள் ஆரம்பித்ததும், எங்கள் ஃபிரிட்ஜில் இருந்த மாவையும் குழம்பையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

சந்தைக்கு முந்தைய நாள் சாயங்காலம் மகள் பால்கனியில் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். "தன் கையால செஞ்சாதான் அவங்களுக்குத் திருப்தி. எவ்ளோ டயர்டா இருந்தாலும் சொல்லமாட்டாங்க. அவங்களைப் பார்த்துட்டே இருந்தா அவ்ளோ பிடிக்கும்." இரண்டு நாள் உட்கார்ந்து பிதுக்கியது நான், புகழ்ச்சி வெள்ளை ஷூவுக்கா? அன்றைய ரசத்தில் யாராலும் வாய் வைக்க முடியாத அளவுக்கு உப்பு.

மறுநாள் மத்தியானத்துக்குள் பாக்கெட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. பிறகு மேடை. ஒரு வாடிக்கையாளரைக் கற்பனை செய்து, அவருடைய வயது, பழக்கம், பயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் விற்பனையைப் பற்றிப் பேச வேண்டும் என்று பி செக்‌ஷன் டீச்சர் பழக்கியிருந்தாள். மகள் இங்கிலீஷில் பேசினாள்; எனக்குத் தமிழில்தான் உறைத்தது. நாற்பதைத் தாண்டிய பெண்மணி. வேலைக்குப் போகிறவர். அடுத்தவர் பிதுக்கிய பருப்பை வாங்கமாட்டார். களைப்பைச் சொல்லமாட்டார். பால்கனியில் கேட்ட அதே வார்த்தைகள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "ஞாயிறு முழுக்கப் பிதுக்கிவிட்டு, திங்கட்கிழமை சாக்பீஸ் பிடிக்க முடியாமல் கையை உதறிக்கொண்டே பாடம் எடுப்பார்" என்றாள் மகள்.

நான்தான் அது. என் மகள் என்னை இவ்வளவு பார்த்திருக்கிறாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இப்படிப்பட்ட பிடிவாதக்காரரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?" என்று நடுவர் கேட்டார்.

"ரொம்ப சுலபம். அவருக்குப் பிடிக்காத ஒரு போட்டியாளர் இருப்பார். அந்தப் போட்டியாளர் முந்திக்கொண்டார் என்று சொன்னாலே போதும். வீட்டில் சோதித்துப் பார்த்தோம். ஒரு மூட்டை முழுக்கத் தீர்ந்தது."

அரங்கமே சிரித்தது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதல் பரிசும் அவர்களுக்குத்தான். எல்லோருக்கும் முன்னால் நானும் கை தட்டினேன், விரலெல்லாம் வலித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "உங்க மேம் நிஜமாவே பிதுக்கித் தர்றேன்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா. அவங்களுக்கு அவரைக்காய் வாசனையே ஆகாது." தோளில் சாய்ந்துகொண்டாள். "கோவமா?"

"இந்த வித்தையை எங்கேடீ கத்துக்கிட்டே?"

பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிறவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மேம்தான். போட்டிக்காரரை வெச்சு எப்படி விக்கறதுன்னு தனியா ஒரு க்ளாஸே எடுத்தாங்க. சூப்பரா இருந்துச்சு."

அந்தப் பாடத்தை என் வகுப்புக்கு பிப்ரவரியில் வைத்திருந்தேன். மகள் என்னை ஏமாற்றியதில் எனக்கு வருத்தமே இல்லை. அதை அவள் என்னிடம் கற்றுக்கொண்டிருக்கக்கூடாதா?