சிவப்பு வந்தால் வேண்டாம்

தாலுகா ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். விதிப்படி இல்லாத ஒரு மனுவைக்கூட மேலே அனுப்பியதில்லை. அதனால் நண்பர்களும் அதிகமில்லை. என் முதல் ஆட்சேபனையை ஒன்பது வயதில், அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில், என் பெற்றோர்மீதே எழுப்பினேன்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. குடல் முறுக்கிக்கொண்டு வயிறு பானையாக உப்பிவிட்டது. ஆண்டிமடத்திலிருந்து முதல் பஸ்ஸில் துண்டில் சுற்றித் தூக்கி வந்தோம். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "உடனே ஆபரேஷன் பண்ணணும். பண்ணாலும் உறுதி சொல்ல முடியாது. பண்ணலன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கையெழுத்துப் போடுங்க."

அப்பா படிவத்தை வாங்கிக்கொண்டார். பேனாவை வாங்கவில்லை.

"பெருமாளக் கேக்காம எம்புள்ள வயித்துல கத்தி வைக்கக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கேளுங்கம்மா. ஆனா பத்து நிமிஷத்துல அவரு பதில் சொல்லிடணும்."

விதை போடுவதிலிருந்து பெண் கொடுப்பதுவரை எங்கள் வீட்டில் கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பூக்கட்டிக் கேட்டுத்தான் நடக்கும். நடைமுறை எளிது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கள்ளமறியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே நந்தியாவட்டையும் செவ்வரளியும் கிடைத்தன. அப்பா இரண்டையும் பூவரச இலைகளில் மடித்துக் குலுக்கிப் போட்டார். கோயில் இருக்கும் திசையைக் கும்பிட்டு அம்மா உரக்கச் சொன்னாள்: "வெள்ளை வந்தா அறுக்கலாம். சிவப்பு வந்தா வேணாம், வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுறோம். பாப்பா, நீ எடு."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தால், சிவப்பு.

ஜன்னலுக்குள்ளிருந்து தம்பியின் முனகல் கேட்டது. அழ அவனுக்குத் தெம்பில்லை. அம்மா பூவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"என்னங்க, சிவப்பு வந்தா அறுக்கலாம்னுதானே கேட்டோம்?"

பொய்யே பேசாத அப்பா என் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டார். "ஆமா புள்ள. சிவப்புன்னுதான் கேட்டோம்."

"இல்லப்பா! வெள்ளைன்னுதான..." முடிப்பதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. "பெருமாளே சும்மா இருக்காரு, ஒனக்கென்னடி?" என்றாள்.

அப்பா கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் இருவரும் தரையில் உட்கார்ந்து, அதே பெருமாளின் பெயரையே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெட்கமில்லையே என்று நினைத்தேன். சாமியின் உத்தரவைத் திருத்திவிட்டு, பழி முழுவதையும் தாங்களே ஏற்றுக்கொண்டு, பிள்ளையை மறுபடி அவரிடமே ஒப்படைத்த அந்தத் தைரியத்தை, பிற்பாடு எந்த அதிகாரியிடமும் நான் பார்த்ததில்லை.

தம்பி பிழைத்தான். இன்று அந்தத் தழும்பின்மேல் நல்ல தொப்பையும் வளர்த்திருக்கிறான்.

அவன் எழுந்து நடமாடியதும் கல்லங்குறிச்சிக்குப் போனோம். வீட்டிலிருந்த ஒரே கன்றைப் பெருமாளுக்கென்று அப்பா கோயிலில் விட்டார். வேண்டாம் என்று சொன்னவருக்கு எதற்குக் கன்று என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே சிலை கிடையாது, ஒரு கல் கம்பம்தான் பெருமாள். அதன் முன்னால் எல்லோரும் இரண்டு மூன்று முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அப்பா மட்டும் நிறுத்தவில்லை. பளார் பளாரென்று அறைந்துகொண்டே இருந்தார். அம்மா வந்து கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நன்றி சொல்கிறார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டேன்.