கயிற்றில் சிக்கிய ஆன்ட்டி

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. முப்பது நொடிகூட இல்லை. தலையில் துண்டு கட்டி, சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பொம்பளை இரண்டு கயிற்றைச் சுழற்றுகிறாள். கயிறுகள் ஒன்றோடொன்று பின்னி அவள் கழுத்தைச் சுற்றுகின்றன. கயிற்று நுனியிலிருந்த துணிக்குண்டு ஒன்று வந்து மூக்கில் அடிக்கிறது. அவள் வாய்க்குள் எதையோ திட்டுகிறாள். பின்னணியில் குத்துப்பாட்டு. மேலே 'கயிற்றில் சிக்கிய ஆன்ட்டி' என்று எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் மூன்று. அந்தப் பொம்பளை நான்தான்.

போடியிலிருந்து தினமும் காலையில் ஜீப்பேறி, மலை மெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள் நான். தோட்டத்துக்காரர் கீழ்ச்சரிவில் நாலு டென்ட் அடித்து, சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கிறார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தூக்குவாளி கழுவ ஓடைக்குப் போனபோது அந்தச் சென்னைப் பெண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கைக்கொரு கயிறு, கயிற்று நுனியில் துணிக்குண்டு. இரண்டையும் பக்கவாட்டில், முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே என்று சுழற்றிக்கொண்டிருந்தாள். நியூசிலாந்துப் பழங்குடி மக்களின் ஆட்டமாம், பெயர் 'போயி'. குண்டில் தீ வைத்தும் சுற்றுவார்களாம். அதைச் சொன்னதும் முறைத்தேன். காய்ந்த மலையில் நின்றுகொண்டு தீயைப் பற்றி விளையாட்டாகப் பேசுவது எங்களுக்குப் பிடிக்காது.

"இல்ல ஆன்ட்டி, இங்க பண்ண மாட்டோம்" என்றாள்.

பிறகு அவள் ஒன்று செய்தாள். ஓடிக்கொண்டிருந்த இரண்டு கயிறும் நடுவில் மோதிப் பின்னிக்கொண்டன. போச்சு, சிக்கிவிட்டது என்று நினைத்தேன். சிக்கவில்லை. பின்னிய இடத்தைச் சுற்றி இரண்டு குண்டுகளும் ஒரு சுற்று ஓடின. அவள் கைகளும் அதே பக்கமாக ஒன்றையொன்று சுற்றி வந்தன. சிக்கு பிரிந்துவிட்டது. ஒன்றுமே நடக்காததுபோல் கயிறுகள் தனித்தனியாகச் சுழன்றன. அதைச் சொல்லித் தரச் சொன்னேன்.

"அது டேங்கிள், ஆன்ட்டி. ரொம்ப அட்வான்ஸ்டு. உங்களுக்கு வேணாம்."

உங்களுக்கு வேணாம். எனக்கு எது வேணும், எது வேணாம் என்று பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் முடிவு செய்துவிட்டாள். கயிற்றைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். சாதாரணச் சுற்று உடனே வந்தது, கையில் பலம் இருக்கிறதே. டேங்கிளுக்குப் போனதும்தான் கழுத்தில் கயிறும் மூக்கில் குண்டும். அதை அவள் போனில் எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை ஜீப் டிரைவர் போனைத் தூக்கிக் காட்டினார். "ஏ ஆத்தா, நீ ஸ்டாராயிட்ட!" ஜீப்புக்குள் பதினாலு பேர். பதினாலு பேரும் பார்த்தார்கள், சிரித்தார்கள். என்னோடு சோடி சேர்ந்து வேலை பார்க்கும் மதினி மட்டும் முதலில் சிரிக்காமல் இருந்தாள், பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. மெட்டு ஏறி முடிக்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருத்தி மறுபடி போட்டுப் பார்த்தாள். சாயங்காலம் இறங்கினால் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்கூட "கயிறு எங்கக்கா?" என்றார்.

அதையெல்லாம் விடலாம். எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை எறிந்தாள். வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்.

"ஸ்கூல் மீட்டிங்குக்கு நீ வராத. அப்பாவ வரச்சொல்லு."

கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவளை அடித்து என்ன செய்ய? ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு மீட்டிங்கையும் நான் விட்டதில்லை. காலாண்டு மீட்டிங்குக்கு என் வீட்டுக்காரர் போய், எதில் கையெழுத்து என்றுகூடப் பார்க்காமல் போட்டுவிட்டு வந்தார். நான் தோட்டத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டு மீட்டிங்குக்குள் அந்த டேங்கிளைச் செய்து காட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன். யாருக்குக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

குண்டுகளை நானே தைத்தேன். முதலில் ஏலக்காய்த் தொலியை அடைத்தேன், கனமில்லாமல் பறந்தது. அப்புறம் மணலும் கந்தல் துணியும் வைத்தேன். கயிறு, செடி கட்டுகிற பிளாஸ்டிக் கயிறு. அது கழுத்தில் பட்டால் தோலை வழித்துவிடும். பிறகு பாவாடை நாடாவை மூன்று பிரியாகப் பின்னி, பிடிக்கிற நுனியில் கைப்பிடியாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மலையில் டவர் கிடைக்காது, அதனால் வீட்டிலேயே வீடியோக்களை இறக்கிக்கொண்டு போய் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பேன். ஒவ்வொரு வீடியோவிலும் ஒருத்தன் புல்வெளியில் நின்றுகொண்டு சிரித்த முகத்தோடு "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்பான். காலை நாலு மணிக்கு எழுந்து மூன்று பேருக்குச் சோறு கட்டிவிட்டு ஜீப்பில் நெருக்கியடித்து வந்து பார், அப்புறம் சொல் ரிலாக்ஸ் என்று. போனை அடித்து உடைக்கலாம்போல் இருக்கும்.

இரண்டு மாதம். ஒவ்வொரு நாளும் கயிறுகள் பின்னும், இறுகும், நின்றுவிடும். உட்கார்ந்து முடிச்சை அவிழ்ப்பதற்குள் சூப்பர்வைசர் விசிலடித்துவிடுவார். மதினி வெற்றிலையை மென்றுகொண்டே பார்ப்பாள். "செடியக் கட்டுனது போதாதுன்னு காத்தக் கட்டுறியா?" என்பாள். அவளையும் திட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் ஏலச்செடியின் காய்ந்த சருகை அரியும்போது கத்தி நழுவி வலது கையில் ஆள்காட்டி விரலைக் கிழித்தது. துணி சுற்றிக்கொண்டேன், பிடி இறுகவில்லை. அன்றைக்கு மத்தியானம் சும்மா இருந்திருக்கலாம், கோபத்தில்தான் எடுத்தேன். கயிறுகள் மோதின, பின்னின, குண்டுகள் சுற்றின, கைகள் தாமாகக் கூடவே போயின. பிரிந்துவிட்டது. நம்பாமல் மறுபடி செய்தேன். மறுபடியும் பிரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. காற்று மாசத்துக்கு முன்னால் ஏலச்செடியின் தட்டைகள் சாயாமல் இருக்க, தூர் தூராகச் சேர்த்துக் கட்டுவோம். ஒரு சுற்று, குறுக்கே ஒன்று, வெடுக்கென்று வெட்டி இழு. பதினாறு வருஷமாக நான் இதைச் செய்கிறேன். கயிற்றின் மேல் கயிறு விழுந்தால் என் கை இழுக்கும், என்னைக் கேட்காது. அன்றைக்கு விரல் வெட்டுப்பட்டதால் இழுக்க முடியவில்லை, அதனால்தான் பிரிந்தது. தோட்டத்தில் அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், நான் கட்டிய கட்டு அவிழாது. அந்தச் சென்னைப் பெண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவள் வாழ்நாளில் எதையும் கட்டியிருக்க மாட்டாள். இதிலிருந்து பொறுமை, குடும்பம், விட்டுக்கொடுத்தல் என்று பாடம் எடுக்க வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். நான் பேசுவது கயிற்றைப் பற்றி.

விரல் ஆறிய பிறகும் ஆள்காட்டி விரலை மடக்காமல் பிடித்துப் பழகினேன். ஒரு பின்னல் வந்ததும் இரண்டு பின்னல் வந்தது, முதுகுக்குப் பின்னால் வந்தது. இன்னொன்றை எந்த வீடியோவிலும் பார்க்காமல் நானே கண்டுபிடித்தேன். கயிறுகள் பின்னியிருக்கும்போது கணுக்காலில் அட்டை கடித்தது. பதறி இடது கைப்பிடியை விட்டுவிட்டேன். கீழே விழவேண்டிய கைப்பிடி, பின்னல் பிடித்திருந்ததால் அதுவும் ஒரு குண்டாகச் சுழன்று மேலே போய், திரும்ப என் கைக்கே வந்தது. பிடித்த வேகத்தில் பின்னலும் பிரிந்தது. அதன்பிறகு பத்து நாள் வேண்டுமென்றே விட்டுப் பிடித்தேன். பாதி நாள் நெற்றியில்தான் விழுந்தது.

மார்கழியில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "ஆன்ட்டி! நீங்க செம வைரல், தெரியுமா?" எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதுபோல முகம் மலர்ந்திருந்தது.

"யாரக் கேட்டு எடுத்த?"

"ஃபன்னுக்குத்தான் ஆன்ட்டி. எல்லாரும் உங்கள ரசிச்சாங்க."

மேலே ஒரு வார்த்தை பேசினால் அடித்துவிடுவேன் என்று தெரிந்தது. கூடையிலிருந்து என் கயிறுகளை எடுத்தேன். ஒரு பின்னல், இரண்டு பின்னல். அவள் வாய் திறந்தபடி நின்றாள். கை மட்டும் தானாகப் போனைத் தூக்கியது.

"போன உள்ள வை."

"ஆன்ட்டி, இதப் போட்டா பழச எல்லாரும் மறந்துருவாங்க. உங்களுக்குத்தான் நல்லது."

உண்மைதான். அது எனக்குத் தெரியாமலில்லை. டிரைவர், டீக்கடை, மகளின் வகுப்பு, எல்லாருடைய வாயையும் அந்த ஒரு வீடியோ அடைத்துவிடும். அதற்காகத்தானே இத்தனை மாதம். ஆனால் எனக்கு எது நல்லது என்று மறுபடியும் அவள்தான் சொல்கிறாள்.

"உள்ள வை. கண்ணால பாக்குறதுன்னா பாரு."

வைத்தாள். கைப்பிடியை விட்டுப் பிடித்துக் காட்டினேன். அது எப்படி என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. பழைய வீடியோவை என் கண் முன்னாலேயே அழித்தாள். அழித்து என்ன, அது எங்கள் டிரைவர் போனிலேயே இருக்கிறது.

திரும்பும்போது ஜீப்பில் மதினி என் தொடையில் கிள்ளினாள். "கிறுக்கச்சி, எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்ல?" எனக்கே என் மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"வீடியோ எங்க?" என்றாள்.

"இல்ல."

அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அந்தச் சென்னைக்காரியே தேவலை. "வாடி வெளிய" என்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. குழாயடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சுழற்றினேன். கயிறுகள் பின்னின. கோபத்தில் என் பாழாய்ப்போன கை வெட்டி இழுத்தது. முடிச்சு. நான் கட்டிய கட்டு அவிழாது. குழாயடியில் ஒருத்தி சிரித்தாள்.

படியில் உட்கார்ந்து நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்தேன். மகள் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

எழுந்து, ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு மறுபடி சுழற்றினேன். பின்னியது. இடது கைப்பிடியை விட்டேன். அது மேலே போய்ச் சுற்றி வந்து கையில் விழுந்தது, பிரிந்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மகள் கயிறுகளை வாங்கிச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். பிறகு, "மீட்டிங்கு வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு. வெரசா வந்துரு" என்றாள்.

"ஏன், உங்கப்பனுக்கு என்ன சோலி?" என்றேன். அவ்வளவு சீக்கிரம் கோபம் தணிகிற ஆள் இல்லை நான்.

"நீ வா" என்றாள்.