ஒன்பது மேற்படிகள்

வானொலி நிலையத்தின் இசை நூலகத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் அட்டை அக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். ஒவ்வொரு ஒலிநாடாவுக்கும் ஓர் அட்டை எழுதி, இது இன்னார் இயற்றியது என்று குறித்துவைப்பது அவள் வேலை. அறிவிப்பாளர்களுக்குள் வாக்குவாதம் வந்தால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அட்டையைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

இந்த வருடம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். சரிபார்க்க, அட்டைகளுக்கும் முந்தைய பெரிய பதிவேட்டை அலமாரியிலிருந்து இறக்கினாள். அதை எழுதியவர் அவளுக்கு முன்பு அங்கே வேலை பார்த்தவர். எழுதுவதில் மகா சோம்பேறி. ஓர் இசையமைப்பாளரின் பெயரை ஒருமுறைதான் எழுதுவார். அதன்கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார்.

நாற்பதாம் பக்கத்தின் அடியில் கிழிசல். அதன்மேல் பழுப்புநிற ஒட்டுத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவள் அதைப் பார்த்திருக்கிறாள். இப்போது பசை காய்ந்து, தாள் தானாகவே பெயர்ந்து வந்தது. அடியில் ஒரு வரி இருந்தது. அவள் கேள்விப்பட்டிராத ஒரு பெயர், ஒரு வயலின் உருப்படி, ஓரத்தில் 'தொழில்: தையல்' என்று குறிப்பு. அடுத்த பக்கம் ஒன்பது மேற்படிகளோடு தொடங்கியது.

ஒட்டுத்தாளுக்கு நேர் மேலே தெரிந்த வரி பெரியவருடையது. ஊர் உலகமே கொண்டாடும் இசையமைப்பாளர்; நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'தான். அன்றைக்கு அட்டை எழுதும்போது அவள் அந்த வரியைப் பார்த்துத்தான் ஒன்பதையும் அவர் கணக்கில் எழுதியிருந்தாள். பதிவேட்டை எழுதியவர் அப்போது இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். புது ஆள் என்ற கூச்சத்தில் கேட்கவில்லை.

மறைந்திருந்த வரியின் எண்ணை வைத்து நாடாவைத் தேடினாள். அட்டையே இல்லாததால் யாரும் அதைத் தொட்டதில்லை. பெட்டியின்மேல் தையற்காரரின் பெயர் பழைய கையெழுத்தில் அப்படியே இருந்தது. போட்டுக் கேட்டாள். பிறகு ஒன்பதில் ஒன்றைப் போட்டாள்; அதன் பெட்டியிலும் வெறும் 'மேற்படி'தான். முடிக்கப்போகிற இடத்தில் முடிக்காமல், மனசு மாறியவர்போல் இன்னொரு சுற்றுப் போய் வருகிற அதே வழக்கம். பெரியவர் அப்படிச் செய்யவே மாட்டார்.

அதில் சிக்கல் என்னவென்றால், வியாழக்கிழமை பெரியவருக்குச் சிறப்பு நிகழ்ச்சி. ஒன்பதில் மூன்று அதில் இருந்தன. கடைசிக் காலத்தில் பெரியவர் எப்படிக் கனிந்துபோனார் என்று ஒரு பேராசிரியர் அந்த மூன்றை வைத்தே அரைமணி நேரம் பேசிப் பதிவுசெய்து கொடுத்திருந்தார். சொன்னால் இத்தனை வருடம் அவள் சொன்னதெல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும். சொல்லாவிட்டால் தையற்காரருக்கு அட்டைப் பெட்டியில் ஓர் அட்டைகூடக் கிடையாது.

வீட்டில் சொன்னபோது கணவர், நீ தப்புப் பண்ணி நான் பார்த்ததே இல்லை, பார்த்திருந்தாலும் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது என்றார். அவளும் சிரித்தாள்.

மறுநாள் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பெரியவரும் போயிட்டாரு, அந்தத் தையற்காரரும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாருக்கா. யாரு வந்து கேக்கப்போறா? வாயைத் திறக்காம இருங்களேன்."

"பெரியவருக்கு நானூறு இருக்குப்பா. இந்த மனுஷனுக்கு இருக்கிறதே பத்து. அதுல ஒன்பதை நான் தூக்கி அவருக்குக் குடுத்திருக்கேன்."

"பேராசிரியர்கிட்ட என்ன சொல்றது?"

"நான் தப்பா எழுதினேன்னு சொல்லு. நூலகம்னு சொல்லாதே. என்னைச் சொல்லு."

பேராசிரியர் தொலைபேசியில் நன்றாகவே கத்தினார் என்று பிறகு தெரிந்தது. வியாழக்கிழமை அவர் பேச்சு ஒலிபரப்பாகவில்லை. அந்த அரைமணி நேரம் மூன்று உருப்படிகளும் தையற்காரரின் பெயரில் போயின. முன்னால் ஒரு வரித் திருத்தம், அவ்வளவுதான். நான்கைந்து பேர் கூப்பிட்டு, யார் இவர் என்று விசாரித்தார்கள். தையல் என்பதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஓர் அறிவிப்பாளர் வேறொரு நாடாவோடு வந்தான். அவள் அட்டையை எடுத்துப் பெயரைச் சொன்னாள். அவன் நகரவில்லை.

"நிச்சயமாக்கா?"

இருபத்தாறு வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அட்டையைக் கீழே வைத்தாள்.

"தெரியலப்பா. உக்காரு, பதிவேட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.